பூச் சதுரத்திற்கு என்ன விலை?



ஒரு காட்சியை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். திருவிழாவுக்கு முந்திய ஞாயிறு. காலைப் பூசை முடிந்து குடும்பத்தோடு வெளியே வருகிறீர்கள். கெபியின் பக்கத்தில் மேஜை ஒன்று போட்டு, நம் பங்கைச் சேர்ந்த ஒரு பெண் தான் வீட்டில் பின்னிய சாமான்களைப் பரப்பி வைத்திருக்கிறாள். எல்லாம் குரோஷா வேலை. அவற்றில் ஒரு குஷன் உறை உங்கள் கண்ணைப் பறிக்கிறது. நடுவில் மஞ்சள் பொட்டு, சுற்றிலும் சிவப்பு இதழ்கள், அதைச் சுற்றிப் பச்சை, ஓரத்தில் வெள்ளை. இப்படி 9 பூச் சதுரங்களை ஒன்றாக இணைத்துச் செய்த உறை. விலை கேட்கிறீர்கள். 600 ரூபாய் என்கிறாள்.

"அறுநூறா! நானூறுக்குக் கொடுங்க அக்கா. வேண்டாமென்றால் போகிறேன்" என்கிறீர்கள். அவள் மேஜையைப் பார்க்கிறாள். காலையிலிருந்து அதிகமாக ஒன்றும் விற்கவில்லை. "சரி, எடுத்துக்கொள்ளுங்க" என்கிறாள். நீங்கள் மகிழ்ச்சியோடு வீடு திரும்பி, அடுத்த வீட்டு அம்மாளிடம் உறையைக் காட்டி, விலையையும் சொல்லிப் பெருமைப்படுகிறீர்கள்.

இதில் யாரும் திருடவில்லை, பொய் சொல்லவில்லை, கட்டாயப்படுத்தவுமில்லை. அவள் கேட்டாள், நீங்கள் குறைத்தீர்கள், அவள் சம்மதித்தாள். அப்படியானால் இந்த வியாபாரத்தில் யாருக்காவது ஏதாவது கடன் பாக்கி நிற்கிறதா? இதுதான் இன்று நான் உங்கள்முன் வைக்கும் கேள்வி.

"இதென்ன கேள்வி! பேரம் பேசுவதும் ஒரு குற்றமா? கத்தரிக்காய்க்கும் மீனுக்கும் நாள் தவறாமல் பேரம் பேசுகிறோமே" என்று சிலர் சிரிப்பீர்கள். சந்தையில் நடப்பது வேறு. வாங்குகிறவர் குறைப்பார் என்று அறிந்தே வியாபாரி விலையை ஏற்றிச் சொல்லுகிறார். ஏற்றிச் சொல்லியிருக்கிறார் என்று அறிந்தே நாமும் குறைக்கிறோம். இருவருக்கும் சரக்கின் மதிப்பு தெரியும். ஆனால் இந்தப் பூச் சதுரத்தின் மதிப்பு நமக்குத் தெரியுமா? தெரியாத ஒன்றின் விலையை எந்த அளவுகோலால் குறைத்தோம்? ஆகையால் தீர்ப்புச் சொல்லுமுன், இந்தச் சதுரம் எப்படி உண்டாகிறது என்று சற்றுப் பார்ப்போம்.

வேண்டியவை இரண்டே. ஒன்று, நுனியில் சிறு கொக்கி உள்ள குரோஷா ஊசி; மற்றொன்று உல்லன் நூல். நூலில் ஒரு சுருக்குப் போட்டு, அதைக் கொக்கியில் மாட்டி, நாலு சங்கிலி பின்னி, முதலையும் கடைசியையும் இணைத்தால் ஒரு சிறு வளையம் கிடைக்கும். அந்த வளையத்துக்குள் மஞ்சள் நூலால் 12 நெடுந்தையல் போட வேண்டும். இதுவே பூவின் நடுப்பொட்டு. பிறகு மஞ்சள் நூலை வெட்டிவிட்டுச் சிவப்பு நூலை எடுக்க வேண்டும். நடுப்பொட்டைச் சுற்றியுள்ள 12 இடைவெளிகளிலும் மும்மூன்று தையலாகப் போட்டு, மூன்றின் தலையையும் சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்தால், உப்பலாக ஓர் இதழ் எழும். இப்படி 12 இதழ்கள். பூ முடிந்தது.

அடுத்தது பச்சை. இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இதுவரை வட்டமாயிருந்த பூ இனிச் சதுரத்துக்குள் அமர வேண்டும். அதற்காக, இதழ்களுக்கு இடையிலுள்ள 12 இடைவெளிகளில் சம தூரத்தில் நாலைத் தெரிந்துகொள்ளுகிறாள். மற்ற எட்டிலும் மும்மூன்று தையல்; இந்த நாலில் மட்டும் மூன்று தையல், இரண்டு சங்கிலி, மறுபடி மூன்று தையல். அந்த நாலு இடமும் வெளியே நீண்டு மூலைகளாகின்றன, வட்டம் சதுரமாகிறது. கடைசியாக வெள்ளை நூலால் அதே முறையில் இன்னொரு சுற்று. மூலையை ஓர் இடம் தள்ளிப் போட்டுவிட்டால் சதுரம் கோணிவிடும். பெரும்பாலும் அந்தப் பிழை அடுத்த சுற்றில்தான் கண்ணுக்குத் தெரியும். அப்போது அதுவரை போட்டதை உருவிவிட்டு மறுபடி பின்னுவதைத் தவிர வேறு வழியில்லை.

இப்போது எண்ணிப் பாருங்கள். மஞ்சளில் 12, சிவப்பில் 36, பச்சையில் 48, வெள்ளையில் 60. ஆக ஒரு சதுரத்தில் 156 தையல்கள். 9 சதுரங்களில் 1404. ஒவ்வொரு நெடுந்தையலுக்கும் கொக்கியால் ஏறக்குறைய மூன்று முறை நூலை இழுக்க வேண்டும் என்றால், அந்த உறையின் ஒரு பக்கத்துக்கு மட்டும் 4000 தடவைக்கு மேல் அவள் மணிக்கட்டுத் திரும்பியிருக்கிறது. இது போதாதென்று, நாலு நிற நூல்களுக்கும் ஆரம்பமும் முடிவுமாகச் சதுரத்துக்கு எட்டு நூல் முனைகள். 9 சதுரங்களில் 72. அத்தனையையும் தையல் ஊசியில் கோத்துப் பின்பக்கத்தில் ஒளிக்க வேண்டும். ஒளிக்காவிட்டால் நாலு தடவை துவைப்பதற்குள் வேலை அவிழ்ந்துவிடும். உறை நன்றாக உழைக்கிறதென்றால், யார் கண்ணுக்கும் தெரியாத அந்த வேலையை அவள் ஒழுங்காகச் செய்திருக்கிறாள் என்றே அர்த்தம்.

இந்தச் சதுரத்தை மேனாட்டார் 'கிரானி ஸ்கொயர்', அதாவது பாட்டிச் சதுரம், என்று அழைக்கிறார்கள். 1885-ம் ஆண்டிலேயே 'ப்ரெய்ரி பார்மர்' என்ற அமெரிக்க உழவர் பத்திரிகையில் இப்படிப்பட்ட சதுரம் ஒன்றின் செய்முறை அச்சாகியிருக்கிறது. மிஞ்சிப்போன துண்டு நூல்களை வீசி எறியாமல், சிறு சிறு சதுரங்களாகப் பின்னிச் சேர்த்துக் குளிருக்குப் போர்வையாக்கும் சிக்கனமான குடும்ப வேலை அது. அங்கே அதற்கு விலை கிடையாது. பாட்டி பேரப்பிள்ளைக்குப் பின்னினாள். பூச் சதுரம் அந்தப் பாட்டிச் சதுரத்தின் பேத்தி என்று சொல்லலாம்.

"இவ்வளவு பாடு எதற்கு? இந்தக் காலத்தில் மெஷின் இல்லையா?" என்று கேட்பீர்கள். இது முக்கியமான கேள்வி. இரண்டு ஊசி கொண்டு பின்னும் ஸ்வெட்டர் பின்னலுக்கு மெஷின் உண்டு. 1589-ம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் சட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அந்தப் பின்னலில் ஒரு வரிசையின் கண்ணிகள் எல்லாம் ஊசியில் வரிசையாகக் காத்து நிற்கும். ஆகையால் இரும்பு விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவற்றைப் பிடித்துவிடலாம். குரோஷாவிலோ கொக்கியில் இருப்பது ஒரே கண்ணி. அடுத்த தையல் துணியின் எந்த இடத்தில், எந்தப் பக்கத்திலிருந்து நுழைய வேண்டும் என்பதை ஒவ்வொரு தடவையும் கண் பார்த்து, விரல் தடவிப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். ஆராய்ச்சிக்காகச் சிறு துண்டுகள் பின்னும் கருவிகளைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் இப்படியொரு பூச் சதுரத்தைக் கடைக்காகக் குவித்துத் தள்ளும் மெஷின் இன்றுவரை இல்லை. குரோஷா மெஷின் என்ற பெயரில் ஆலைகளில் ஓடுவது வேறு வகைப் பின்னல்; பார்வைக்கு ஒத்திருக்கும், அவ்வளவுதான்.

இதிலிருந்து ஒரு முடிவு தானாகவே வருகிறது. உலகத்தில் எந்தக் கடையில் உண்மையான குரோஷாப் பூவைக் கண்டாலும், அதை ஒரு மனிதர் கையால் பின்னியிருக்கிறார். மற்றப் பொருள்கள் மலிவாகக் கிடைத்தால், மெஷின் வேகமாக ஓடியது என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இங்கே அந்தச் சமாதானத்துக்கு இடமில்லை. கைக்கு ஒரு வேகந்தான் உண்டு. குரோஷாவில் விலை மிகவும் மலிந்திருக்கிறது என்றால், யாரோ ஒருவருடைய நேரம் மலிவாக எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது.

நம்முடைய உறைக்கு வருவோம். பழகிய கைக்கு ஒரு சதுரத்துக்கு 40 நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 சதுரங்களுக்கு 6 மணி. இணைக்கவும், ஓரம் பின்னவும், நூல் முனைகளை ஒளிக்கவும், பின்பக்கத் துணியைத் தைக்கவும் 2 மணி. ஆக 8 மணி. ஒரு முழு நாள் வேலை. நூலும் துணியும் 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 600-க்கு விற்றால் அவள் கையில் நிற்பது 450. மணிக்கு 56 ரூபாய். 400-க்கு விற்றால் நிற்பது 250. மணிக்கு 31 ரூபாய். நீங்கள் குறைத்தது 200 ரூபாய்தான். ஆனால் நூல்கடைக்காரர் தம் பணத்தில் ஒரு காசும் குறைக்கவில்லை. அந்த 200-ம் முழுக்க முழுக்க அவளுடைய கூலியிலிருந்தே போயிற்று. அவள் கூலியில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கழித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஒரு கொத்தனாரை ஒரு நாள் வேலைக்கு அழைத்து, மாலையில் பேசிய கூலியில் பாதியைக் குறைத்துக் கொடுக்க உங்களுக்கு மனம் வருமா? வராது. ஏன்? அவர் வியர்வை உங்கள் கண்முன் சிந்தியது. இவளுடைய பிரயாசை கண்ணுக்கு மறைவில் நடந்தது. பார்த்த உழைப்புக்கு ஒரு நியாயம், பாராத உழைப்புக்கு வேறொரு நியாயமா?

இதற்கு நாம் சொல்லும் சமாதானங்கள் சில உண்டு. அவற்றை ஒதுக்கிவிடாமல் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்போம்.

முதற் சமாதானம்: "அவள் வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்கிற வேலைதானே?" இதைக் கேட்கும்போது ஆந்திர தேசத்து நரசாப்பூரை நினைத்துக்கொள்ளுங்கள். கோதாவரி டெல்டாவிலுள்ள அவ்வூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பெண்கள் மெல்லிய பருத்தி நூலில் குரோஷா லேஸ் பின்னுகிறார்கள். 19-ம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனெரிமார் மூலமாக அங்கே வேரூன்றிய தொழில் அது. ஜெர்மன் தேசத்துச் சமூகவியல் அறிஞர் மரியா மீஸ் அங்கே சென்று ஆராய்ந்து, 1982-ம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டது என்ன? ஒருத்தி பூப் பின்னுவாள், வேறொருத்தி துண்டுகளை இணைப்பாள். முழு விரிப்பு என்ன விலைக்குப் போகிறது என்பது பின்னியவளுக்குத் தெரியாது. வீட்டு வேலையோடுகூட நாள்தோறும் பல மணி நேரம் அவர்கள் பின்னினார்கள். சரக்கு கடல் கடந்து சென்றது. ஆனாலும் அவர்கள் கைக்கு வந்தது, வயலில் கூலிவேலை செய்யும் பெண்ணுக்குச் சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலியைவிட எவ்வளவோ கீழே. காரணம், வியாபாரிகளும் ஊராரும், ஏன், அந்தப் பெண்களுமேகூட, அவர்களைத் தொழிலாளிகள் என்று நினைக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கும் குடும்பப் பெண்கள் ஓய்வு நேரத்தில் ஏதோ செய்கிறார்கள் என்றே நினைத்தார்கள். 'சும்மா இருக்கும் நேரம்' என்ற அந்த ஒரு சொல்லே கூலியை விழுங்கிவிட்டது. 2024-ம் ஆண்டில் நரசாப்பூர்க் குரோஷா லேசுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குக் காவல் கிடைத்தது நல்லதே. பெயருக்குக் கிடைத்த காவல் கைக்கும் கிடைக்க வேண்டுமல்லவா?

சமையல் முடித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, இரவு பத்து மணிக்குப் பின்ன உட்காருகிற பெண் சும்மா இருப்பவள் அல்ல. அவள் விற்பது அவளுடைய தூக்கத்தை.

இரண்டாம் சமாதானம்: "அவளே சம்மதித்துத்தானே கொடுத்தாள்?" இதற்கு 1891-ம் ஆண்டிலேயே பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் 'ரேரும் நோவாரும்' என்னும் நிருபத்தில் மறுமொழி சொல்லியிருக்கிறார். இருவரும் ஒத்துக்கொண்டார்கள் என்ற ஒரே காரணத்தால் கூலி நியாயமாகிவிடாது. மனிதருடைய ஒப்பந்தத்துக்கு மேலான இயற்கை நீதி ஒன்று உண்டு. வேறு வழியில்லாமலோ, இதைவிடப் பெரிய கஷ்டம் வந்துவிடும் என்ற பயத்தாலோ குறைந்த கூலிக்குச் சம்மதிக்கிறவன் பலவந்தத்துக்கு உள்ளானவனே என்பது அவர் போதனையின் கருத்து. "அது ஆலை முதலாளிகளுக்குச் சொன்னது, எனக்கல்ல" என்று தப்பித்துக்கொள்ளாதீர்கள். ஆலையில் செய்த பொருளுக்கும் உங்களுக்கும் நடுவே முதலாளி, ஏஜெண்டு, கடைக்காரர் என்று பலர் நிற்கிறார்கள். கெபியின் பக்கத்து மேஜையில் நடுவே யாரும் இல்லை. அந்த ஒரு நாளின் வேலைக்கு அவளுக்குக் கூலி கொடுக்கிறவர் நீங்களே.

மூன்றாம் சமாதானம்: "இல்லாதவளுக்கு இதுவும் ஓர் உபகாரம்தானே? நான் வாங்காவிட்டால் அதுவும் கிடையாதே." இதில் உண்மை இல்லாமலில்லை. 1845-ம் ஆண்டில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து கொடிய பஞ்சம் தொடங்கியது. சுமார் பத்து லட்சம் பேர் மடிந்தார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். அந்த நாட்களில் கார்க் நகரையடுத்த பிளாக்ராக்கில் உர்சுலைன் கன்னியர்கள் ஏழைப் பெண்பிள்ளைகளுக்குக் குரோஷா கற்றுக்கொடுத்தார்கள். 1847-ம் ஆண்டில் குளோன்ஸ் என்ற ஊரில், புரோட்டஸ்டாண்டுப் போதகரின் மனைவியாகிய கசாண்ட்ரா ஹாண்டு அம்மையார் அதே வேலையை ஏற்படுத்தினார். ரோஜாப்பூ, மூவிலைக் கீரை, திராட்சைக் கொத்து என்று தனித்தனியே பின்னி, பின்னர் வலைபோல் இணைத்தார்கள். வயல் பொய்த்த நாட்டில் ஊசிமுனையில் மலர்ந்த அந்தப் பூக்கள் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டன. ஆகவே கைவேலையை வாங்குவது மெய்யாகவே உபகாரம் ஆகலாம்.

ஆனால் அந்தக் கன்னியரும் அந்த அம்மையாரும் என்ன செய்தார்கள் என்று கவனியுங்கள். பசித்தவள் கையில் ஒரு தொழிலைக் கொடுத்தார்கள். பசியைக் கண்டவுடன் விலையைக் குறைத்துக் கேட்பது அதற்கு நேர் எதிரானது. அவளுடைய கஷ்டத்தைத் தீர்க்க வாங்குகிறேன் என்பவர், அந்தக் கஷ்டத்தைக் காரணமாக வைத்தே விலையைக் குறைத்தால், ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துக்கொள்ளுகிறார். அதற்கு உபகாரம் என்று பெயரிடுவது தகாது.

நாலாம் சமாதானம்தான் மெய்யாகவே கனமானது. "நானும் ஏழைதானே? மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறேன். 600 கொடுக்க என்னால் முடியாது." இப்படிச் சொல்லுகிறவரைக் குறை சொல்ல நான் துணியமாட்டேன். அவருக்குச் சொல்லக்கூடியது இதுதான். வாங்காமல் போவது அநியாயமல்ல. அதில் வெட்கமும் இல்லை. "அழகாயிருக்கிறது அக்கா, இப்போது கையில் அவ்வளவு இல்லை" என்று மனம் திறந்து சொல்லிவிட்டு நகருங்கள். ஆயினும் எல்லாரும் அப்படியே நகர்ந்துவிட்டால் அவள் மேஜை அப்படியே கிடக்குமே என்று தோன்றினால், பெரியதைக் குறைந்த விலைக்குக் கேளாமல், சிறியதை முழு விலைக்கு வாங்குங்கள். 9 சதுரத்து உறைக்குப் பதில், தம்ளர் வைக்க ஒரே ஒரு பூச் சதுரம் வாங்கலாம். உங்கள் பணமும் மிச்சம். அவள் கூலியும் குறையாது. நாலு பேர் அப்படி வாங்கினால் அவளே அடுத்த தடவை சிறிய சாமான்களை அதிகமாகச் செய்து வருவாள்.

பெரிய ஜவுளிக் கடையில் குரோஷாப் பூ வைத்த சட்டை ஆச்சரியமான மலிவில் தொங்கும்போது என்ன செய்வது? அங்கே நீங்கள் பேரம் பேச வேண்டியதில்லை. உங்களுக்கு முன்பே யாரோ பேசி முடித்துவிட்டார்கள். அதைப் பின்னியவளை நீங்கள் ஒருபோதும் காணப்போவதில்லை. அவளுக்கு என்ன கிடைத்தது என்று அறியவும் பெரும்பாலும் வழியில்லை. ஆனாலும், "இது கையால் செய்ததா? யார் செய்தது? என்ன கொடுக்கிறீர்கள்?" என்று கேட்க வாய் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கும் மற்றத் தொழிலாளிகளுக்குச் சமமான நியாயம் வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1996-ம் ஆண்டில் 177-ம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. கேட்பார் இல்லாத இடத்தில் உடன்படிக்கை காகிதமாகவே இருந்துவிடும். கேட்பது வாங்குகிறவருடைய பங்கு.

இனி, இந்தக் கணக்குகளையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி எழுந்து, "நான் என் பேத்திக்குப் பின்னிய போர்வைக்கு யாரிடம் கூலி கேட்டேன்? அன்பால் செய்ததற்கும் மணிக்கணக்கா?" என்று என்னைக் கடிந்துகொள்ளலாம். அவர் சொல்வது சரியே. அன்பினால் கொடுத்ததற்கு விலை கட்டுவது அறியாமை. அதே ஊசி, அதே நூல், அதே 156 தையல். ஒன்று வெகுமதியாகிறது, மற்றொன்று பறிக்கப்பட்ட கூலியாகிறது. வித்தியாசம் எங்கே? கொடுக்கிறவளுடைய சுயாதீனத்தில். பாட்டி வேண்டாமென்று சொல்லியிருக்கலாம்; சொல்லாமல் கொடுத்தார். மறுக்கக்கூடியவள் மறுக்காமல் கொடுப்பதே வெகுமதி. மறுக்க முடியாதவளிடமிருந்து வாங்கியது வெகுமதியல்ல. கொடுக்கிறவள் தன் உழைப்பை இனாமாகக் கொடுக்கலாம். வாங்குகிறவர் அதை இனாமாக எடுத்துக்கொள்ளும் உரிமை பெற்றவரல்லர்.

இந்த இடத்தில் நம் வீடுகளையும் நம் கோயிலையும்கூடச் சற்று நினைத்துப் பார்ப்போம். "உனக்குத்தான் கைவேலை தெரியுமே, வளைகாப்புக்கு ஒரு விரிப்புப் பின்னிக் கொடு" என்று கொழுந்தன் மனைவியிடம் சொல்லுகிறோம். அவள் முகத்தைப் பார்த்தோமா? மாமியாரும் நாத்தனாரும் கூடியிருக்கும் இடத்தில் அவள் எப்படி மாட்டேன் என்பாள்? பீடத்துக்கு லேஸ் வைத்த துணி வேண்டுமென்றால், எப்போதும் அந்த ஒரே விதவைத் தாயாரைத்தான் தேடிப் போகிறோம். அவர் சர்வேசுரனுக்கென்று மனமுவந்து செய்தால் அது அவருடைய காணிக்கை. யாரும் அதைத் தடுக்க வேண்டாம். ஆனால் நூலின் விலையையாவது கேட்டோமா? "இந்த வருஷம் உங்களுக்குச் சௌகரியப்படுமா அம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டோமா? மறுப்பதற்கு வழிவிட்டுக் கேட்டால்தான் அவர் கொடுப்பது காணிக்கையாகும். வழியை அடைத்துவிட்டுக் கேட்டால், காணிக்கை என்ற பேரால் ஒரு வரி வசூலித்தவர்களாவோம்.

ஆகவே வாசகர்களே, ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. ஆம், பாக்கி நிற்கிறது. சட்டம் அதை வசூலிக்காது; அவளும் வந்து கேட்கமாட்டாள். அதனாலேயே அதை நாமாக நினைத்துத் தீர்க்க வேண்டியிருக்கிறது. விலை என்பது இருவர் ஒத்துக்கொண்ட தொகை மட்டுமல்ல. ஒருவருடைய ஆயுளில் கழிந்த மணிகளுக்கு மற்றவர் செய்யும் மரியாதையும்கூட.

மூன்று சிறு காரியங்களைக் கைக்கொள்ளுவோம். கைவேலையை வாங்கும்போது, "என்ன விலை?" என்பதற்கு முன், "இதற்கு எத்தனை நாள் ஆயிற்று?" என்று கேட்போம். பதிலைக் கேட்டபின் குறைத்துக் கேட்க நாவு தானே கூசும். இரண்டாவது, முடிந்தால் முழு விலை. முடியாவிட்டால் சிறிய பொருள். அதுவும் முடியாவிட்டால் ஒரு நல்ல வார்த்தை. மூன்றாவது, ஓர் ஊசியும் இரண்டு உருண்டை நூலும் வாங்கி, வீட்டிலுள்ள பெண்பிள்ளைகளோடு ஆண்பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு பூச் சதுரமாவது பின்னிப் பார்க்கட்டும். முதல் சதுரம் கோணும், மூலை காணாமற்போகும், இரண்டு தடவை உருவி மறுபடி பின்ன வேண்டியிருக்கும். ஒரு மாலைப்பொழுது போய்விடும். போகட்டும். அந்தப் பிள்ளை வளர்ந்தபின், பிறர் கைவேலையை வெறும் சரக்காக நினைக்காது.

நானூறுக்கு வாங்கிய அந்த உறை ஒருவேளை உங்கள் வீட்டு நாற்காலியில் இன்னமும் இருக்கலாம். அதைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒளிந்திருக்கும் நூல் முனைகளை ஒரு தடவை விரலால் தடவிப் பாருங்கள். அடுத்த ஞாயிறு அவள் மறுபடி மேஜை போட்டிருந்தால், ஒரு சதுரம் வாங்கிக்கொண்டு, விடுபட்ட 200 ரூபாயையும் சேர்த்துக் கொடுங்கள். "இது எதற்கு?" என்று கேட்பாள். "அன்றைக்குக் கணக்குத் தெரியாமல் குறைத்துவிட்டேன் அக்கா" என்று சொல்லுங்கள். அது தர்மம் அல்ல. அவளுக்குச் சேர வேண்டிய பாக்கி.